லால்பாக்: மலர்க் கண்காட்சிக்குக் கிளம்பும் முன் கேட்டவையும் சொன்னவையும்

ஆகஸ்ட் நெருங்கினாலே பெங்களூரில் இருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும்: "லால்பாக் ஃப்ளவர் ஷோ எப்போது? வரலாமா?" பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஜெயநகரில் வீடு. இருபது வருஷத்துக்கும் மேலாகக் காலை நடை லால்பாக் தாவரவியல் தோட்டத்தில்தான். இந்தத் தடவை வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ஜனவரியா ஆகஸ்டா, எந்தக் கண்காட்சிக்கு வருவது நல்லது? (சேலத்திலிருந்து)

குடியரசு தினத்தை ஒட்டி ஒன்று, சுதந்திர தினத்தை ஒட்டி ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு. கண்ணாடி மாளிகைக்குள் வைக்கும் அலங்காரம் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எதற்கு வந்தாலும் சரி. தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க ஆசை என்றால் ஜனவரிக்கு வாருங்கள். மழை இருக்காது, காலையில் இதமான குளிர், டபேபுயா மரங்கள் இலை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். ஆகஸ்டில் தூறல் விட்டு விட்டு வரும், பாறை வழுக்கும். ஆனால் புல்லும் மரமும் அத்தனை பச்சையாக இருப்பது அப்போதுதான். எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் காலையில் முதல் ஆளாக நுழைந்தால் நின்று பார்க்கலாம். மற்ற நாட்களில் கூட்டம் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில்தான் பார்க்க முடியும்.

ஒவ்வொரு வருஷமும் அதே பூ, அதே கூட்டம்தானே? புதிதாக என்ன வைக்கிறார்கள்?

பூ அதேதான், கரு மாறும். 2022 ஆகஸ்டில் கன்னட நடிகர் ராஜ்குமார், அவர் மகன் புனித் ராஜ்குமார் நினைவாக வைத்தார்கள். 2023 ஆகஸ்டில் முன்னாள் முதல்வர் கெங்கல் ஹனுமந்தையாவும் அவர் கட்டிய சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவும். 2024 ஜனவரியில் வசனக் கவிஞர் பசவண்ணர், அந்த ஆகஸ்டில் அம்பேத்கர், 2025 ஜனவரியில் வால்மீகி. 2025 ஆகஸ்டில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட கித்தூர் ராணி சென்னம்மாவும் சங்கொள்ளி ராயண்ணாவும்; அது 218ஆவது கண்காட்சி. 2026 ஜனவரியில் எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வி.

இந்த வரிசையில் எனக்கு மனதுக்கு நெருக்கமானது தேஜஸ்விதான். காட்டையும் பறவையையும் மீனையும் கன்னட வாசகர்களுக்கு அத்தனை பிரியமாக எழுதிக் காட்டியவர். ஒரு தாவரவியல் தோட்டம் அவரைக் கொண்டாடியது ரொம்பப் பொருத்தம்.

கண்ணாடி மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். டாக்டர் எம்.எச்.மரிகௌடா பெயரில் உள்ள அரங்கில் இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரம், போன்சாய், காய்கறிச் செதுக்கல், தென்னங்குருத்தைப் பின்னிச் செய்யும் ஜானூர் என்று போட்டிக்கு வைத்தவை இருக்கும். அங்கே கூட்டமும் குறைவு.

அவ்வளவு பெரிய பூக்கோபுரம் பத்துப் பன்னிரண்டு நாள் வாடாமல் எப்படி நிற்கிறது, அக்கா?

நிற்காது. ரோஜா நாலைந்து நாளில் தலை தொங்கிவிடும். இரும்புச் சட்டத்தில் உருவத்தைக் கட்டி, தண்ணீர் குடித்து வைத்துக்கொள்ளும் பச்சை நுரைக் கட்டிகளை அதன்மேல் பதித்து, ஒவ்வொரு பூவாகக் குத்துகிறார்கள். கண்காட்சி நடுவில் பழைய பூவைப் பிடுங்கிவிட்டு முழுக்கப் புதிதாக வைப்பார்கள். அதனால் முதல் இரண்டு நாளோ, பூ மாற்றிய மறுநாளோ போனால் யோகம். சுற்றி இருக்கும் தொட்டிச் செடிகளின் கதை வேறு. சால்வியா, பெட்டூனியா, சாமந்தி எல்லாம் அந்த வாரத்தில் பூக்கும்படி மாதக்கணக்கில் முன்பே விதைத்து வளர்த்தவை. ஊட்டி, கொடைக்கானலிலிருந்தும் குளிர்ப் பிரதேசப் பூக்கள் வரும்.

கண்ணாடி மாளிகை வெள்ளைக்காரன் செடி வளர்க்கக் கட்டியதா?

குளிர் நாட்டில் செடிக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்று கண்ணாடி வீடு கட்டுவார்கள். பெங்களூர்ச் செடிக்கு அந்தக் கவலை ஏது? இங்கே அதைக் கட்டியது தோட்டக்கலைக் கண்காட்சி நடத்தத்தான். 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா ராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மண்டபத்தை மனதில் வைத்த வடிவம். வார்ப்பிரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜான் கேமரான். சௌசௌவை நாம் ஏன் பெங்களூர்க் கத்திரிக்காய் என்கிறோம் தெரியுமா? அந்தக் கொடியை லால்பாக்கில் வளர்த்துப் பரப்பியவர் அவர்தான் என்று சொல்வார்கள். கூட்டு வைக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதர் அலி தோட்டம் என்கிறார்கள். அவர் காலத்து மிச்சம் ஏதாவது உண்டா? தமிழர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அம்மா? (ஓசூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும்.

ஹைதர் அலி 1760இல் தொடங்கினார். தும்கூர்ப் பக்கத்துச் சிரா ஊரில் இருந்த முகலாயர் பாணித் தோட்டத்தைப் பார்த்து வந்த ஆசை. டெல்லி, லாகூர், முல்தான், அப்புறம் நம் ஆற்காடு, இங்கிருந்தெல்லாம் செடி வரவழைத்தார். திப்பு வெளிநாடுகளிலிருந்தும் விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவந்து சேர்த்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போய், 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. இன்று 240 ஏக்கர்.

செடி வந்தது, சரி. மண்ணைக் கொத்தியது யார்? திகளர் என்று ஒரு சமூகம். தோட்ட வேலையில் பேர் பெற்றவர்கள். தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. பெரியவர்கள் வீட்டில் பேசுவதில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்திருக்கும். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் சித்திரா பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெங்களூர்க் கரகம் அவர்களுடைய திருவிழாதான். திரௌபதியம்மனுக்கு எடுக்கும் அந்தக் கரகம் நம் வட மாவட்டத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று, ஒரு வருஷம் ராத்திரி விழித்திருந்து பாருங்கள், புரியும். ஹைதர் பெயரும் கேமரான் பெயரும் எல்லார் வாயிலும் வருகிறது. இவர்கள் பெயரும் அதோடு சேர்ந்து வரவேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பு கல்லாகக் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறதல்லவா, அங்கிருந்து வந்த கல்மரத் துண்டு ஒன்று லால்பாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. மரத்தின் வரிகள் அப்படியே தெரியும். முக்கால்வாசிப் பேர் கல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

குழந்தைகளுக்குப் பூவைத் தவிர என்ன காட்டலாம்?

பாறை! பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவின் பெயர் கொண்ட கோபுரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறையில் முதலில் ஏற்றுங்கள். அது தீபகற்ப நைஸ் என்ற உருமாறிய பாறை வகை, ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. திருவக்கரை மரத்தை 2 கோடி என்றேனே, அதைப் பார்த்துவிட்டு இதன்மேல் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கே கணக்குப் புரிந்துவிடும். என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்தபோது பாறையில் காதை வைத்து 'டைனோசர் சத்தம் கேட்குதா?' என்று பார்ப்பார்கள். டைனோசரே இதற்கு நேற்றுப் பிறந்த குழந்தை என்று சொல்வேன்.

மேலே உள்ள கோபுரம் ஊர் எல்லைக்கு என்று நான்கு திசையிலும் கட்டியவற்றில் ஒன்று. மற்றவை அல்சூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி சர்க்கிள் பக்கம். இந்த நான்கையும் தாண்டி ஊர் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பாறை மேல் நின்றால் தெரியும். அப்புறம் அந்த முதிய இலவம்பஞ்சு மரம். பலகை பலகையாக வேர் விரிந்திருக்கும். ஆள் உயரத்துக்கு மேல். வேலிக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். வேர் மிதிபட்டால் மரத்துக்குத் தாங்காது.

கண்காட்சி இல்லாத மாதங்களில் வந்தால் வீணா?

எனக்குப் பிடித்ததே அந்த மாதங்கள்தான். 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஊரில் எந்த மாதமும் ஏதோ ஒரு மரம் பூத்திருக்கும்படி சாலைகளுக்கு மரம் தேர்ந்தெடுத்தார். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா, மார்ச்சில் ஜக்கரண்டாவின் ஊதா, ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றையும் குல்மோகரும். கோடையில் மாம்பழ மேளாவும் லால்பாக்கில் நடக்கும். விவசாயிகளே நேரில் கொண்டுவந்து விற்பார்கள். பை எடுத்து வாருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு நாளில் வந்து திரும்ப முடியுமா? எங்கே இறங்குவது?

முடியும். கேஎஸ்ஆர் பெங்களூர் ஸ்டேஷனில் இறங்கி மெஜஸ்டிக்கில் பச்சை வழி மெட்ரோ பிடித்தால் 'லால்பாக்' என்றே ஸ்டேஷன் உண்டு. மேற்கு வாசல் பக்கம். ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபம்: பொம்மசந்திராவில் மஞ்சள் வழி ஏறி ஆர்.வி.ரோட்டில் மாறினால் மூன்றாவது நிறுத்தம். கார் மட்டும் கொண்டுவராதீர்கள். 2025இல் கண்காட்சி டிக்கெட் வார நாளில் 80 ரூபாய், விடுமுறை நாளில் 100, குழந்தைகளுக்கு 30. பிளாஸ்டிக் பை, பாட்டில் வேண்டாம்.

அங்கே செடி வாங்கினால் சென்னையில் பிழைக்குமா, அக்கா?

டேலியா, சினரேரியா, ஃபியூஷியாவைப் பார்த்து மயங்காதீர்கள். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துக் குளிரில் சிரிக்கிற செடி உங்கள் மொட்டைமாடி வெயிலில் ஒரு மாதம் தாங்காது. அடீனியம், செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ வாங்குங்கள். கண்காட்சிக் கடைகளில் கூட்டத்தைப் பார்த்து விலை ஏறும். உள்ளேயே நர்சரிக்காரர்களின் கூட்டுறவு விற்பனை இடம் வருஷம் முழுக்க இருக்கிறது. நான் அங்கேதான் வாங்குவேன். வாங்கும் முன் தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்கள். வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேறு தொட்டியைக் கேளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் நேர் வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள்.