டெம்ப்ஸ்டர் சாலையும் தாழ்ந்த காரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் வடகோடிச் சாலைகள் பற்றிய கட்டுரையில், டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைக்கு ‘உயரமான வண்டி நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்னிடம் இருப்பது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கர இயக்கம், 245/35 ஆர் 19 டயர், தரையிலிருந்து 12 செ.மீ. உயரம். ஜூலையில் நானும் மனைவியும் டாசன் சிட்டியிலிருந்து ஆர்க்டிக் கடலோர ஊரான டுக்டோயாக்டுக் வரை போய்வர நினைக்கிறோம். 400 குதிரைத்திறன் இருந்தும் முடியாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போகலாம். ஆனால் அந்த 400 குதிரைகளுக்கு அங்கே வேலையே இல்லை. 70 கி.மீ. வேகமே போதும். உங்களை நிறுத்தப்போவது டயரின் பக்கச்சுவர்தான்.

டாசன் அருகே டெம்ப்ஸ்டர் தொடங்கும் சந்திப்பிலிருந்து அது முடியும் இனுவிக் ஊர் வரை ஏறக்குறைய 740 கி.மீ., அதற்கப்பால் 2017இல் திறந்த சாலையில் டுக்டோயாக்டுக்குக்கு இன்னும் சுமார் 140. பெரும்பகுதி சரளைதான். அடியிலுள்ள உறைநிலம் உருகாதபடி தடிமனாகச் சரளை கொட்டி உயர்த்திய மேடு அது. சில இடங்களில் மேலே கிடப்பது உடைந்த ஷேல் கல், அதாவது தகடு தகடாகப் பிளக்கும் பாறை. அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். உங்கள் டயரில் (245 மி.மீ. அகலத்தில் 35 சதவீதம்) ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே இருப்பது 8.6 செ.மீ. ரப்பர். பக்கச்சுவர் கிழிந்தால், காரோடு வந்த பஞ்சர் திரவம் வெறும் பாரம்.

ஆகவே முதல் செலவு, இப்போதுள்ள 19க்குப் பதில் 17 அங்குல ரிம். 235/50 ஆர் 17 போட்டால் பக்கச்சுவர் 11.7 செ.மீ. ஆகிறது, மொத்த விட்டம் 2 சதவீதம்தான் கூடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் குழம்பாது. வாங்குமுன் ரிம்மைக் கழற்றி மாட்டி, பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உரசுகிறதா என்று பாருங்கள். பெரிய பிரேக் உள்ள கார்களில் 17 ஏறாமலே போகலாம். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும், அப்போதுதான் ஒரு ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கும் ஆகும். ஆல்-சீசன் டயர் வாங்குங்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். அங்கே மலைப்பகுதியில் ஜூலையிலும் அந்தக் குளிர் உண்டு.

அந்த ஸ்டெப்னியின் விட்டம் 67 செ.மீ. பின்பெட்டியில் அது போகாவிட்டால், மனைவியா சக்கரமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்டெப்னி இல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

காற்றுப்போன தாழ்ந்த காருக்கடியில் சாதாரண ஜாக்கி நுழையாது. 3 செ.மீ. தடிமனில் இரண்டு பலகைத் துண்டுகள் வையுங்கள். ஒன்றின்மேல் அந்தச் சக்கரத்தை மெதுவாக ஏற்றினால் ஜாக்கிக்கு இடம் கிடைக்கும்; மற்றது ஜாக்கி சரளையில் புதையாமலிருக்க. சக்கரத்தின் திருட்டுத் தடுப்பு நட்டைக் கழற்றும் தனிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு, மறக்காதீர்கள். சக்கரம் மாற்றினால் 50 கி.மீ. கழித்து நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

பெட்ரோல் கணக்கை டாசனிலிருந்தே போடுங்கள். டெம்ப்ஸ்டர் சந்திப்பு வரை 40 கி.மீ., அங்கிருந்து பெட்ரோல் கிடைக்கும் ஈகிள் பிளெயின்ஸ் 369, ஆக 409. சரளையில் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் என்றால் 49 லிட்டர். உங்கள் டேங்க் 55 என்றால் மிச்சம் 6. அடுத்தது ஃபோர்ட் மெக்ஃபெர்சன், சுமார் 180. ப்ரீமியம் பெட்ரோலை நம்பிப் போகாதீர்கள். ரெகுலர்தான் கிடைத்தால் என்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார் இக்னிஷனைத் தாமதப்படுத்திச் சமாளிக்கும். உங்கள் காரில் டர்போ இருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தாமல் ஓட்டுங்கள்.

சாலையைச் சமன்செய்யும் கிரேடர் எந்திரம் ஓடிய இடத்தில் சாலை நடுவே சரளை வரப்பு நிற்கும். அதை வயிற்றுக்கடியில் விட்டால் அடிப்பக்க பிளாஸ்டிக் தட்டு கிளிப்போடு பிய்ந்துவிடும். எதிரே வண்டி இல்லாதபோது ஒரு பக்கச் சக்கரத்தை வரப்பின்மேல் ஏற்றி ஓட்டுங்கள். விளிம்புக்கு மட்டும் ஒதுங்காதீர்கள். ஓரம் இளகியது, சக்கரத்தை உள்ளே இழுக்கும். எதிரில் லாரி வந்தால் வேகத்தைக் குறைத்தாலே கண்ணாடிக்குப் பாதி பாதுகாப்பு. புழுதியில் ஹெட்லைட்டைக் கையால் போடுங்கள்; பல கார்களில் தானாக எரியும் பகல் விளக்கு மட்டும் எரியும்போது பின்விளக்கு எரியாது.

பீல், மெக்கென்சி ஆறுகளைப் படகில் கடக்க வேண்டும், கட்டணம் இல்லை. கரைச் சரிவு சரளையால் ஆனது, நீர்மட்டத்துக்கேற்ப மாறும். நேராக இறங்கினால் பம்பர் உதடு மண்ணைக் கோரும். படகு ஊழியரிடம் ‘வண்டி தாழ்வு’ என்று முன்னரே சொல்லி, கோணமாக இறங்குங்கள்.

திடீரென்று ஒரு சக்கரத்திலிருந்து தகரம் கிழிவதுபோல் சத்தம் வந்தால் பதற வேண்டாம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள காப்புத் தகட்டுக்கும் நடுவே சிறுகல் சிக்கியிருக்கும். ரிவர்ஸில் சில மீட்டர் போனால் பெரும்பாலும் விழுந்துவிடும். ஸ்டீரிங் உதறினால் ரிம்மின் உள்பக்கச் சேற்றைச் சுரண்டிப் பாருங்கள், அலைன்மென்ட்டைச் சந்தேகிப்பது அப்புறம்.

மழை பிடித்தால் ஈகிள் பிளெயின்ஸில் ஒரு நாள் காத்திருங்கள். புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளித்த பகுதி நனைந்தால் கிரீஸ் பூசியதுபோல் வழுக்கும். அதே உப்பு உலோகத்தையும் அரிக்கும். டாசன் திரும்பியதும் மேல்பக்கத்தை விடுங்கள். அடிப்பகுதியையும் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதி) இடுக்கையும் சக்கரங்களின் உள்பக்கத்தையும் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்தம் கூலர் துடுப்புகளை மடக்கிவிடும்.