எலும்புத் தேய்மானத்துக்கு சோயா மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது, ஊர் கடலூர் முதுநகர். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து எனக்கும் பயம். புதுச்சேரியில் ஒரு கடையில் சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை எலும்பைக் காக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: மாத்திரை வேண்டாம். மீல் மேக்கர் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதை மருந்தாக நினைக்காதீர்கள்.

கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. எலும்பில் ஓயாமல் வேலை நடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாகக் கட்டும். அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்ந்து, கட்டுவதைவிட அரிப்பது வேகமாகிறது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்களான ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் இரண்டும் வடிவத்தில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தவை. செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் இடங்களில், முக்கியமாக பீட்டா வகையில், இவையும் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் அரிப்பு குறைவதும் கட்டும் வேலை கூடுவதும் தெரிகிறது.

ஆனால் தட்டில் ஊற்றும் அளவு பல சமயம் நம் ரத்தத்தில் சேருவதைவிட மிக அதிகம். டெய்ட்சீனை ஈக்வால் என்ற இன்னும் வலுவான பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியாவும் எல்லோருக்கும் இருப்பதில்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் ஒன்றுபோல் சொல்லவில்லை. 2007இல் வந்த இத்தாலிய ஆய்வில், தினம் 54 மில்லிகிராம் தனி ஜெனிஸ்டீனைக் கால்சியம், வைட்டமின் டியோடு எடுத்த பெண்களுக்கு எலும்பு அடர்த்தி கூடியது. 2011இல் வந்த மயாமி ஆய்வில் 248 பெண்கள்; தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை, இரண்டு வருடம். எலும்பு இழப்பு நிற்கவில்லை. மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் உடல் சூடேறும் தொல்லையும் மலச்சிக்கலும் அதிகம்! இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

தைராய்டு விஷயம் முக்கியம். சோயா அந்த மாத்திரை உடலில் சேருவதைக் குறைக்கும், கால்சியம் மாத்திரையும் அப்படியே. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போடுங்கள். அதற்கும் சோயா, கால்சியம் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடக்கூடாது.

அந்தக் காசில் மீன் வாங்கலாம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கேழ்வரகும் கால்சியத்துக்கு நல்லவை. உங்கள் வயதில் தினம் 1,200 மில்லிகிராம் தேவை. வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நடை. சில்வர் பீச் பக்கம்தானே!

பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடும். அதனால் மருத்துவரிடம் சொல்லி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள், இடுப்புக்கும் முதுகெலும்புக்கும். முகாம்களில் குதிகாலில் கருவி வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.