பூஜையறைப் பஞ்சலோகச் சிலையை விற்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜையறையில் ஒன்றரை அடி உயரப் பஞ்சலோக அம்மன் சிலை இருக்கிறது. தாத்தாவுக்கும் முந்தைய காலத்தது என்பார்கள். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், “பதிவெல்லாம் வேண்டாம், 4 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன்” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ தானே கொண்டுபோவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்குமே இப்போது சம்மதிக்காதீர்கள்.

அண்ணனின் யோசனை நடக்காது. 100 ஆண்டு கடந்த சிலை சட்டத்தின் பார்வையில் தொல்பொருள். சொந்தப் பொருளே ஆனாலும் தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் 3-வது பிரிவு. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம். சிலை அவ்வளவு பழையது இல்லை என்று நினைத்தாலும், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் சிலையின் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கின்றனவா? வீதியுலாவின்போது கழி செருகிக் கட்டுவதற்காக உற்சவர் திருமேனிகளில் வைக்கும் அமைப்பு அது. வீட்டுப் பூஜைக்கென்று வார்த்த சிறிய சிலைக்கு அது தேவையில்லை. பீடத்தின் பின்புறமும் அடியிலும் எழுத்து ஏதும் இருந்தால் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரோ கோயில் பெயரோ இருக்கக்கூடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் எடுத்துவைத்த கோயில் சிலைப் படங்களோடு ஒப்பிட்டுத்தான், வெளிநாடு போன பல சிலைகள் எந்தக் கோயிலுக்கு உரியவை என்று அடையாளம் கண்டார்கள். உங்கள் சிலையிலும் அப்படி அறிகுறி தெரிந்தால் விற்பனைப் பேச்சையே நிறுத்திவிட்டு, வழக்கறிஞர் மூலம் எழுத்துபூர்வமாகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். திருட்டுப் பொருள் என்று அறிந்தபின் வைத்திருந்தாலும் விற்றாலும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்கீழ் வழக்கு வரும். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது வேறு கதை. அதற்கு 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் இருக்கிறது. கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

சந்தேகம் ஏதும் இல்லையென்றால் அடுத்தது பதிவு. உலோகச் சிலை கட்டாயம் பதிய வேண்டிய வகை. கைக்கு வந்த 15 நாளுக்குள் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது. தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாமதத்துக்கான விளக்கக் கடிதம், எல்லாப் பக்கமும் தெரியும் புகைப்படங்கள், உயரம், எடை ஆகியவற்றோடு உடனே விண்ணப்பியுங்கள். பதியாமல் விட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம்; சிலையும் பறிமுதலாகலாம். தாமாக முன்வந்து பதிபவரின் நிலைமை வேறு, சோதனையில் பிடிபடுபவரின் நிலைமை வேறு. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பதிவுச் சான்றிதழ் உரிமைப் பத்திரம் ஆகாது. சிலை குடும்பத்தில் இருந்ததைக் காட்டும் பழைய கல்யாணப் படம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில் எது இருந்தாலும் தேடி எடுங்கள். நல்ல விலை கிடைப்பதும் அந்தக் காகிதங்களால்தான்.

பதிந்த சிலையை இந்தியாவுக்குள் விற்கலாம். சொந்தப் பொருளை ஒருமுறை விற்கும் உங்களுக்கு உரிமம் வேண்டாம். தொழிலாக வாங்கி விற்பவருக்கு வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். கைமாறியதும் பதிவு அலுவலருக்கு நீங்கள் தகவல் தர வேண்டும். அப்பா உயில் எழுதவில்லையென்றால் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு. எல்லோருடைய கையெழுத்தும் அவசியம்.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது வியாபாரிக்கு இல்லை, உங்களுக்கு! சிற்பம் மூலதனச் சொத்து என்பதால் லாபத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனைக்கு 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்று சிலைக்கு இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். அதற்குக் கலைப்பொருளுக்கென்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்; வாங்க வந்தவரே சொல்லும் மதிப்பு செல்லாது.

மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சிலையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல தலைமுறையாகப் படிந்த களிம்பும் நிறமும் அதன் வயதுக்குச் சாட்சி. அது போய்விட்டால் நேற்று வார்த்த சிலைபோல் ஆகிவிடும்.