கோப்பரகேசரியும் இரும்புக்கையும்: கேள்வி பதில்

வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' புத்தகத்தைச் சேர்ந்து படிக்கிறோம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சின்ன வயதில் படித்த, பார்த்த சிறுவர் சமாச்சாரங்களைப் பற்றியும் கேட்கலாம் என்று வாய்தவறிச் சேர்த்துவிட்டேன். பாதிக் கேள்வி அதைப் பற்றித்தான் வந்திருக்கிறது. நான் பேராசிரியர் இல்லை. முப்பது வருடமாகப் பொழுதுபோக்குக்குக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுகிறவன். காமிக்ஸ் அதற்கும் முன்னாலிருந்து. கருத்தெல்லாம் சொந்தச் சரக்கு.

கேள்வி: நாற்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை, தூக்கம் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எனக்கும் வந்தது. முதல் பக்கத்தில் தொடங்கியதுதான் தப்பு. 1935லும் 1937லும் ஆங்கிலத்தில் இரண்டு பாகமாக வந்து, 1955ல் திருத்திய பதிப்பு கண்ட புத்தகம் இது. எழுதியவர் உங்களை மகிழ்விக்க உட்காரவில்லை. யார் யார்மேல் படையெடுத்தார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு ஊராட்சி, வரி, நிலம் பற்றிய அத்தியாயங்களுக்குப் போங்கள். அடிக்குறிப்பைத் தாண்டாதீர்கள். சாஸ்திரி மேலே கோட்டும் தலைப்பாகையுமாக நிதானமாக நடப்பார், கீழே அடிக்குறிப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்ற அறிஞர்களோடு மல்லுக்கு நிற்பார். சுவாரசியம் அங்கேதான்.

கேள்வி: நந்தினி எந்த அத்தியாயத்தில் வருகிறாள்?

பதில்: வரமாட்டாள். நந்தினி கல்கியின் கற்பனை. பொன்னியின் செல்வன் தொடர் ஆரம்பித்தது 1950ல், சாஸ்திரியின் முதல் பாகம் அதற்குப் பதினைந்து வருடம் முன்னால்.

கேள்வி: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகப்படுகிறாராமே?

பதில்: ஆமாம், படுகிறார். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயரைச் சொல்லியே துரோகிகள் என்கிறது. அவர்கள் சொத்து, உறவினர் சொத்து, மாமன், மகளைக் கட்டியவன் வரைக்கும் சொத்து பறிமுதல். கொலை நடந்தது அதற்கு வெகுகாலம் முன்பு. இடையில் ஆண்டவர் உத்தம சோழன். இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தார் என்பது சாஸ்திரியின் சந்தேகம். சித்தப்பா உத்தமனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அரியணை வேண்டாம் என்று ராஜராஜன் ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறார். சோழர் வரலாறு எழுதிய இன்னொரு அறிஞர் சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை.

என் கட்சி பண்டாரத்தார் கட்சி. கல்வெட்டு சொல்வது பறிமுதலான நிலத்தின் கதையை. கொலைக்குக் காரணம் என்ன, ஏவியது யார் என்று ஒரு சொல் கிடையாது. பத்திரத்தைப் படித்துவிட்டுக் குடும்பச் சண்டையின் மூலகாரணத்தைச் சொல்வதுபோல்தான் இது. ஓரளவுக்கு முடியும், அதற்குமேல் நம் கற்பனை. இன்னொன்று, இந்தத் தலைப்பில் காணொளி போடுகிறவர் கல்வெட்டின் ஊரையும் ஆட்சியாண்டையும் சொல்லாமல் பேசினால் அப்போதே மூடிவிடுங்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதது எப்படி?

பதில்: விழும். சாயங்காலம் நாலரை மணிக்குப் போய் அதிலேயே உட்காருங்கள், ஜிலுஜிலுவென்று இருக்கும்.

கேள்வி: குடவோலை முறைதான் உலகின் முதல் ஜனநாயகம் என்கிறார்கள். குழந்தைகளுக்கு அப்படிச் சொல்லித் தரலாமா?

பதில்: 'உலகின் முதல்' என்று தொடங்கும் எதையும் சொல்லித் தராதீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதல் பராந்தகன் காலத்தவை, 919, 921. அது ஒரு பிராமணர் ஊரின் சபை. ஓலையில் பெயர் எழுத வேண்டுமானால் கால்வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும், வயது முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள். எல்லோருக்கும் வாக்கு என்றெல்லாம் கிடையாது. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை என்ற விதியைப் படிக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

குழந்தைகளுக்குச் சொல்ல அதில் அருமையான இடம் ஒன்று உண்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, எல்லோரும் பார்க்க நம்பிமாரில் (கோயில் பூசாரிகளில்) மூத்தவர் குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! வீட்டில் சொம்பும் துண்டுச் சீட்டும் வைத்து விளையாடிப் பாருங்கள். இன்று துணி மடிப்பது யார் என்பதை எங்கள் வீட்டில் இப்படித்தான் முடிவு செய்கிறோம். என் உள்ளங்கை சோதிக்கப்படுகிறது.

கேள்வி: நந்தினி வீரபாண்டியனின் மனைவியா, மகளா?

பதில்: கல்கியைக் கேட்க வேண்டும். மேலே பார்க்கவும்.

கேள்வி: பழைய முத்து காமிக்ஸ் விற்பனைக்குக் கிடைக்குமா? என்ன விலை சொல்லலாம்?

பதில்: விலை பேசுவது என் வேலை இல்லை, சேகரிப்பாளர்களைக் கேளுங்கள். என்னுடையதைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ராணி காமிக்ஸ் மாயாவிதானே அசல் மாயாவி?

பதில்: வந்துவிட்டதா! இல்லை. 1972ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மாயமாவதால் மாயாவி. 1984ல் வந்த ராணி காமிக்ஸ் மாயாவி என்று பெயர் வைத்தது ஃபேண்டம் என்ற முகமூடிக்காரருக்கு. அவர் ஒருநாளும் மறைந்ததில்லை. இறுக்கமான உடுப்பில் குதிரைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வருகிறவர் எப்படி மாயாவி?

கேள்வி: (அதே அன்பர்) நாங்கள் வளர்ந்ததே அவரோடுதான். மண்டையோட்டு மோதிரத்தால் தாடையில் விழும் குத்துக்கு ஈடு உண்டா?

பதில்: குத்தில் குறை சொல்லவில்லை. பெயரில்தான்.

கேள்வி: (வேறொருவர்) அவரை வேதாளர் என்று போட்ட தமிழ்ப் பதிப்பும் உண்டே. அதுதான் சரியான பெயர்.

பதில்: அம்புலிமாமா படித்தவனுக்கு வேதாளம் என்றால் முருங்கை மரத்தில் தொங்க வேண்டும், கதை சொல்ல வேண்டும், கடைசியில் கேள்வி கேட்டு ராஜாவை மாட்டிவிட வேண்டும். இவர் இதில் எதையும் செய்வதில்லை.

கேள்வி: (மூன்றாமவர், கோபமாக) சோழர் வரலாற்றைக் கேட்க வந்தோம். பொம்மைப் புத்தகத்துக்கு இத்தனை பேச்சா?

பதில்: கோபிக்காதீர்கள் ஐயா, உங்கள் வழிக்கே வருகிறேன். முகமூடிக்காரர் சாகாவரம் பெற்றவர் என்று காட்டுவாசிகள் நம்புவதாகக் கதை. உண்மையில் அப்பா இறந்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான். இப்போது இருப்பவர் இருபத்தோராவது ஆள். இதைச் சின்ன வயதில் படித்ததால்தான் சாஸ்திரியின் பெரிய தலைவலி எனக்குச் சட்டென்று புரிந்தது. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். சுந்தர சோழன் ராஜகேசரி, உத்தமன் பரகேசரி, ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. கல்வெட்டோ பல இடங்களில் 'கோப்பரகேசரி வர்மற்கு யாண்டு' (பரகேசரி மன்னனுக்கு ஆட்சியாண்டு) இத்தனையாவது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். எந்தப் பரகேசரி? முகமூடிக்குள் யார்? எழுத்தின் வடிவம், கூடவே வரும் அதிகாரியின் பெயர், 'மதுரை கொண்ட', 'பாண்டியன் தலைகொண்ட' மாதிரி அடைமொழி, இவற்றை வைத்துத்தான் முகமூடியைக் கழற்ற வேண்டும். அடிக்குறிப்புச் சண்டைகளில் நிறைய இதைப் பற்றியவைதான். ஆகவே ராணி காமிக்ஸ் அன்பருக்கு அரை மதிப்பெண். மாயாவி என்ற பெயர் மட்டும் இரும்புக்கைக்கே.

கேள்வி: இரும்புக்கை மாயாவியைப் பார்த்து நீங்கள் ஏதாவது செய்ததுண்டா?

பதில்: ஒன்பது வயதில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கை முழுக்கச் சுற்றிக்கொண்டு சுவிட்சுப் பலகை முன்னால் ஸ்டூல் போட்டு ஏறினேன். விரல் போவதற்குள் அப்பா வந்துவிட்டார். அன்றைக்கு மறைந்தது என் காமிக்ஸ் கட்டு மட்டும், ஒரு மாதத்துக்கு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாக்கெட்டுக்கு மூடி போடுங்கள்.

கேள்வி: நந்தினியின் சமாதி எங்கே இருக்கிறது?

பதில்: ஊர் பெயர், ஆட்சியாண்டு. இரண்டும் இருந்தால் அனுப்புங்கள்.

கேள்வி: என் பையன் எந்நேரமும் டோரா புஜ்ஜி. நம் வரலாற்றை அவனுக்கு எப்படி ஊட்டுவது?

பதில்: எனக்கு டோரா பிடிக்கும். என் பேத்திக்கு ஆறு வயது. ஆதித்த கரிகாலன் கதையைக் கத்தி ரத்தம் இல்லாமல் சொன்னேன். டோராவில் திருட வரும் குள்ளநரியிடம் திருடாதே என்று மூன்று தடவை சொன்னால் நின்றுவிடும். கேட்டுவிட்டு, "குள்ளநரிகிட்ட சொல்ற மாதிரி மூணு தடவை சொல்லியிருந்தா அவங்க நின்னிருப்பாங்க தாத்தா" என்றாள். சாஸ்திரிக்கும் பண்டாரத்தாருக்கும் தோன்றாத கோணம்.

ஊட்டவெல்லாம் வேண்டாம், சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நான் படிப்பது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதி. 'அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி' என்று தொடங்கினால் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம். மேவிலிம்பங்கத்தில் அவள் சிரிக்கத் தொடங்குவாள். மாநக்கவாரம் வருவதற்குள் கட்டிலில் புரள்வாள். கடாரத்தில் தூங்கியிருக்க வேண்டும். நேற்று தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவு ஊருக்குப் போக அவங்ககிட்ட மேப் இருந்துச்சா?" என்று கேட்டாள். இந்த ஊர்களெல்லாம் இன்றைய வரைபடத்தில் எங்கே என்று சாஸ்திரி மல்லுக்கட்டும் பக்கங்களை இன்று ராத்திரிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.