ஞானஸ்நானம், திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் வழிபாடு) பற்றி இத்தனை கருத்து வேறுபாடு இருக்கும்போது கிறிஸ்தவ சபைகள் ஒன்றாக முடியுமா?

முடியும். ஆனால் எல்லாரும் ஒரே சபையில் சேர்வதுதான் ஒற்றுமை என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

1999-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் காலத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் பிரிந்த பிளவின் மையமே, மனிதன் கடவுள் முன் நீதிமானாவது எப்படி என்ற கேள்விதான். பல ஆண்டுகள் பேசிய பிறகு, அந்த அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் கிருபையால், கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தால் வருகிறது. நற்செயல்கள் அதன் கனிகள் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் இதை ஏற்றார்கள். விளக்கத்தில் உள்ள வேறுபாடுகளை அறிக்கை மறைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நேர்மைதான்.

திருவிருந்து விஷயம் இன்னும் கடினம். ஒரே பீடத்தில் பங்குபெற முடியாத வேதனை உண்மையானது. அதை லேசாகப் பேசக் கூடாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதிலும், தானே விசுவாசத்தை அறிக்கையிடுபவருக்கே அதைக் கொடுக்கும் பாப்டிஸ்ட் சபையார் உடன்பட மாட்டார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அடுத்த சபையின் நம்பிக்கையை, அந்தச் சபையாரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லிப் பாருங்கள். அது வரும்வரை விவாதம் வேண்டாம். அப்புறம் சேர்ந்து ஜெபியுங்கள், சேர்ந்து நோயாளிகளைப் போய்ப் பாருங்கள். அதற்கு எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.