முன்பின் தெரியாதவருக்கு என்ன எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்: வேலை தேடலும் தொழில்முறைத் தொடர்புகளும்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புத் தளத்தில் இருநூறு பேருக்குமேல் கனெக்‌ஷன் கேட்டு அனுப்பினேன். ஏற்றுக்கொண்ட எல்லோருக்கும் ‘சார், உங்கள் கம்பெனியில் வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதி ரெஸ்யூமேயும் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எங்கே தவறு?

அந்தச் செய்தியைப் பெற்றவர் இடத்தில் இருந்து பாருங்கள். எந்த வேலை, எந்தப் பிரிவு என்று எதுவும் இல்லை. பதில் சொல்ல வேண்டுமானால் அவர் உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து படித்து, உங்களுக்கு எது பொருந்தும் என்று யோசித்து, தன் நிறுவனத்தின் காலியிடங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டிவிட்டீர்கள். ‘இல்லை’ என்று சொல்லவும் மனம் வராது. அதனால் பேசாமல் இருந்துவிடுவார்.

முதல் செய்தியில் நான்கு வரி போதும். நீங்கள் யார், ஏன் குறிப்பாக அவருக்கு எழுதுகிறீர்கள், இரண்டே நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி, முடியாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. உதாரணத்துக்கு:

‘வணக்கம். இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நம் கல்லூரியில் படித்த நீங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பதைப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஆர்வம். அங்கே புதிதாகச் சேர்பவர் எந்த மென்பொருளை முன்கூட்டியே பழகியிருந்தால் நல்லது? நேரமில்லை என்றால் பரவாயில்லை.’

இதில் உயிர், ஏன் அவருக்கு எழுதுகிறீர்கள் என்று சொல்லும் இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. ‘உங்கள் ப்ரொஃபைல் என்னை மிகவும் ஈர்த்தது’ என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். ரெஸ்யூமேயை அவர் கேட்கும்வரை அனுப்பாதீர்கள். முகமறியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்கப் பலரும் தயங்குவார்கள்.

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில், கனெக்‌ஷன் கேட்கும்போது சேர்க்கும் குறிப்புக்கு மாதத்துக்குச் சில முறைதான் இடம் தருவார்கள். அதுவும் 200 எழுத்துக்குறிக்குள். தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. ஆகவே குறிப்பில் நீங்கள் யார், ஏன் அவருக்கு எழுதுகிறீர்கள் என்ற முதல் இரண்டு வரியை மட்டும் எழுதுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கேள்வியை அனுப்பலாம்.

கண்டபடி அனுப்புவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலானவை ஏற்கப்படாமல் கிடந்தாலோ, பெற்றவர்கள் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று குறித்தாலோ, அந்தத் தளம் உங்கள் அழைப்புகளைச் சில நாட்களுக்கு முடக்கிவிடும். அனுப்பியதைத் திரும்பப் பெற்றாலும், அதே நபருக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஐந்து பேர், ஐந்து வெவ்வேறு செய்தி. அது போதும்.

யாருக்கு அனுப்புவது? மேனேஜிங் டைரக்டருக்கு வேண்டாம். உங்களைவிட இரண்டு முதல் ஐந்து வருடம் முன்னால் போனவர்களைப் பிடியுங்கள். நுழைவுத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் இன்னும் நினைவிருக்கும். உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் பழைய மாணவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. எந்த நிறுவனம், எந்த ஊர், எந்தத் துறை என்று அங்கே வடிகட்டிப் பார்க்கலாம். இந்த வசதி இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் அலுவலக வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான். எனக்கு யாரையும் தெரியாது. தொடர்புகள் என்பதெல்லாம் வசதியானவர்கள் விஷயம் இல்லையா?

அவர்களுக்குத் தொடக்கம் எளிது என்பது உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் வேலைச் செய்தி வருவது பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்து அல்ல. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் அடிக்கல் போன்றது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் ஏற்கெனவே உங்களுக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் நீங்கள் கேள்விப்படாததைக் கொண்டுவருகிறார். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. ஒரு திருத்தம் மட்டும்: முற்றிலும் அந்நியரைவிட, ஓரளவு பொதுவான அறிமுகங்கள் உள்ளவரே அதிகம் உதவினார்.

ஆகவே ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். பள்ளியில் கூடப் படித்தவர்கள், ஒரு வருட சீனியர்கள், ஆய்வகப் பொறுப்பாளர், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், விருந்தினராக வந்து வகுப்பெடுத்தவர், பகுதி நேர வேலையில் உங்கள் மேற்பார்வையாளர். முப்பது பெயர் சேராமல் போகாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசினோம், அடுத்து எப்போது என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தால் பட்டியல் போட்டும் பயனில்லை.

கேள்வி: ஒருவர் இருபது நிமிடம் போனில் பேச ஒப்புக்கொண்டார். பயமாக இருக்கிறது. என்ன கேட்பது?

அவருடைய நிறுவனத்தின் இணையதளத்தில் இருப்பதைக் கேட்காதீர்கள். அனுபவத்தில் மட்டுமே தெரிவதைக் கேளுங்கள். ‘ஒரு வாரத்தில் உங்கள் நேரம் அதிகம் எதில் போகிறது?’ ‘புதிதாகச் சேர்பவர்கள் முதல் ஆறு மாதத்தில் எங்கே தடுமாறுகிறார்கள்?’ ‘வரும் ரெஸ்யூமேக்களில் எதைப் பார்த்ததும் ஒதுக்கிவைப்பீர்கள்?’ ஐந்து கேள்வி எழுதிவையுங்கள். மூன்றுதான் கேட்க முடியும்.

சம்பளம் கேட்பதில் தவறில்லை, ‘உங்களுக்கு எவ்வளவு’ என்று கேட்பதுதான் தவறு. ‘இந்த நிலையில் நுழைபவருக்குப் பொதுவாக எந்த அளவில் இருக்கும்?’ என்று கேளுங்கள்.

பதினெட்டாவது நிமிடத்தில் நீங்களே ‘நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்ளலாமா?’ என்று சொல்லுங்கள். அவர் விரும்பினால் நீட்டுவார். வைப்பதற்கு முன், ‘இதுபற்றி வேறு யாரிடம் பேசினால் நல்லது?’ என்று கேட்க மறக்காதீர்கள். அடுத்த அறிமுகம் அங்கிருந்துதான் வரும். அன்றோ மறுநாளோ நன்றி சொல்லி மூன்று வரி எழுதுங்கள். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, ‘நீங்கள் சொன்ன பயிற்சியை முடித்துவிட்டேன், இதோ செய்து பார்த்தது’ என்று எழுதினால், உங்கள் பெயர் அவர் மனதில் நிற்கும்.

கேள்வி: பதில் வராவிட்டால் எத்தனை முறை நினைவூட்டலாம்?

ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒருமுறை. பழைய செய்தியையே மறுபடி ஒட்டாமல் கேள்வியை இன்னும் சிறிதாக்குங்கள். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நண்பரின் அக்கா ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். ரெஃபரல் கேட்டால் சிபாரிசுக்கு அலைவதுபோல் ஆகாதா?

ஆகாது. பல நிறுவனங்கள் தம் ஊழியர்களிடம் ரெஃபரல், அதாவது தெரிந்தவரை வேலைக்குப் பரிந்துரைப்பதை, கேட்டு வாங்குகின்றன. தேர்வானால் ஊழியருக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கின்றன. ரெஃபரல் உங்கள் ரெஸ்யூமேயை ஒரு மனிதர் கண்ணில் படவைக்கும், அவ்வளவே. தேர்வும் நேர்காணலும் உங்களுக்கும் உண்டு.

கெட்டுப்போவது வரிசையில்தான். ஆர்வத்தில் முதலில் நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, பிறகு ரெஃபரல் கேட்கிறார்கள். ஏற்கெனவே விண்ணப்பித்தவரைப் பல நிறுவனங்களின் மென்பொருள் ரெஃபரலாக ஏற்காது. ஆகவே முதலில் கேளுங்கள், இரண்டு மூன்று நாள் பொறுங்கள், கடைசித் தேதி நெருங்கினால் மட்டும் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

அந்த அக்காவுக்கு அனுப்ப வேண்டியவை: அறிவிப்பில் உள்ள வேலை எண், அந்த அறிவிப்பின் இணைப்பு, பிடிஎஃப் வடிவில் ரெஸ்யூமே (கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும், ‘ஃபைனல் 3’ வேண்டாம்), நீங்கள் ஏன் பொருத்தம் என்று அவர் அப்படியே ஒட்டக்கூடிய மூன்று வரி. அதோடு, ‘என்னோடு வேலை பார்த்ததில்லை என்பதால் தயக்கமாக இருந்தால் வேண்டாம் அக்கா, அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னாலே போதும்’ என்றும் எழுதுங்கள். அவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். மறுக்க ஒரு வழி இருக்க வேண்டும்.

கேள்வி: இப்போது வேலையில் இருக்கிறேன். மேலாளருக்குத் தெரியாமல் வேறு இடம் தேட முடியுமா?

லிங்க்ட்இன்னில் ‘ஓபன் டு வொர்க்’ வசதியில் இரண்டு தேர்வு உண்டு. எல்லோருக்கும் காட்டுவதைத் தேர்ந்தால் புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், மேலாளரும் பார்ப்பார். ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களிடமிருந்து மறைக்க அந்தத் தளம் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வெளி ஏஜென்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு உங்கள் ஹெச்.ஆரிடம் சொன்னால் யாராலும் தடுக்க முடியாது.

ப்ரொஃபைலைத் திருத்துமுன், மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றாமல் வாரம் ஒன்றாக மாற்றுங்கள். அலுவலக மின்னஞ்சலும் அலுவலக லேப்டாப்பும் இந்த வேலைக்கு வேண்டாம்.

கேள்வி: ஹெச்.ஆர். என்று அறிமுகமானவர், நேர்காணல் முழுவதையும் சாட்டிலேயே முடித்து, லேப்டாப்புக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். மோசடி. வங்கி விவரம், ஓ.டி.பி. எதையும் தராதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். பிறகு உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவிலும், அந்தத் தளத்திலும் புகார் கொடுங்கள். படமெடுப்பதற்கு முன்பு அவரை பிளாக் செய்துவிட வேண்டாம்.