ஃப்ரெனிக் நரம்புக்கும் மனநோய்க்கும் சம்பந்தம் இருக்கா?

கேள்வி: டாக்டர், பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிஞ்சு 2 நாள் ஆச்சு, வலது தோள்பட்டை வலிக்குது. கேட்டா உதரவிதானத்துக்கு போற ஃப்ரெனிக் நரம்பால வர்ற வலின்னு சொல்றாங்க. நெட்ல பார்த்தா 'ஃப்ரென்'னா மனசாம், ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனநோய் பேர்லயும் அதே சொல்தான் இருக்காம். பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க, பேர்ல மட்டும்தான் ஒற்றுமை. பழைய கிரேக்கர்கள் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற இந்த உதரவிதானப் பகுதியை ஃப்ரெனெஸ்னு சொன்னாங்க, யோசனை, கோவம், துக்கம் எல்லாமே அங்கதான் பிறக்குதுன்னு நம்பினாங்க, அழும்போதும் பயப்படும்போதும் மூச்சு அங்கதானே பிடிக்குது, அதனால கூட அப்படி தோணியிருக்கலாம். ஆனா ஹிப்போகிரட்டிஸ்ங்கற பழைய கிரேக்க வைத்தியர் பேர்ல வர்ற வலிப்பு நோய் பத்தின நூல்லயே, கிட்டத்தட்ட 2,400 வருஷம் முன்னாடியே, அந்த பேர் ஏதோ தற்செயலா வந்தது, யோசிக்கறது மூளைதான்னு தெளிவா எழுதிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் அது பெரிய ஆச்சரியம்தான். ஆனாலும் பேர் நின்னுடுச்சு. உடம்புங்கற அர்த்தத்துல நரம்புக்கு வந்துச்சு, மனசுங்கற அர்த்தத்துல எடுத்து 1908ல ப்ளாய்லர்ங்கற சுவிஸ் டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியான்னு வெச்சார். உதரவிதானத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ற டயஃப்ரம்ங்கறதும் கிரேக்கம்தான், குறுக்கே அடைச்ச தடுப்புன்னு அர்த்தம். நம்ம உதரவிதானம் எனக்கு இன்னும் பிடிக்கும், உதரம்னா வயிறு, விதானம்னா மேல கட்டுற மேற்கட்டி, அந்த தசை வயித்துக்கு மேல அப்படித்தான் வளைஞ்சு கவிஞ்சு இருக்கு, நீங்க மூச்சு இழுக்கும்போது கீழ இறங்கும்.

இப்ப தோள் வலிக்கு வரேன். ஃப்ரெனிக் நரம்பு கழுத்துல 3, 4, 5வது நரம்பு வேர்கள்ல இருந்து கிளம்பி நெஞ்சு வழியா கீழ இறங்குது, தோள்பட்டை மேல் தோலோட உணர்ச்சியும் அதே வேர்கள் வழியாத்தான் போகுது. ஆபரேஷன்ல வயித்தை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு விடுவாங்க, அது உதரவிதானத்தை உறுத்தினா மூளைக்கு வலி எங்கிருந்து வருதுன்னு பிரிச்சு தெரியாம தோள்லன்னு காட்டும். பெரும்பாலும் சில நாள்ல தானா சரியாகும், கொஞ்சம் எழுந்து நடங்க, ஆபரேஷன் பண்ண டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை போதும். ஆனா காய்ச்சல், வயித்து வலி கூடிக்கிட்டே போறது, கண் மஞ்சளாகறது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இதுல எது வந்தாலும் கேஸ் வலிதானேன்னு வீட்ல இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.